தவளையண்ணனின் தொண்டை

மரத்தவளை அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆராய்ச்சிக்கூடம் முழுக்கத் தவளையண்ணன் என்றே பெயர். அவர் பொறுப்பில் இருந்தது ஒரே கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு ஆண், ஒரு பெண். மழைக்காடு போன பிறகு அந்த இனத்தில் மிஞ்சியது அவை இரண்டுதான்.

பெண்ணின் வயிறு முட்டையால் உப்பியிருந்தது. ஆண் கூப்பிட்டால்தான் அது கிளையை விட்டு இறங்கும், ஜோடி சேரும். ஆணோ புது இடத்துக்கு வந்ததிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு இலைக்கடியில் உட்கார்ந்திருந்தது.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்தப் பிராணியின் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடுவார். அந்த இனத்து ஆணின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு வீட்டில் பழகினார்.

"என்கிட்ட ரெண்டு வார்த்தை பேச வாய் வலிக்கும். தவளைக்குக் கச்சேரியா?" என்றாள் மனைவி.

"பய கூச்சப்படுறான். நாம எடுத்துக் குடுத்தா பின்னாடியே பாடிடுவான்."

கேலிக்குப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு தினமும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா, அறையில் என்னென்ன செய்கிறார் என்று விசாரித்தபோது தண்ணீர் தெளிப்பதைச் சொன்னார், பூச்சி போடுவதைச் சொன்னார், இதை மட்டும் சொல்லவில்லை. வெட்கம்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. காற்றுதான் வந்தது. அந்த வாரம் முட்டை வயிற்றிலேயே தங்கிப் பெண் செத்துப்போனது. மறுநாள் ஆண் கூப்பிட்டது, அறையே அதிரும்படி.

"இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலைன்னே புரியலையே, அண்ணே" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் கரகரத்த குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"தன்னைவிடப் பெரிய ஆண் பக்கத்துல கத்தினா, சின்னது அடங்கிடும் அண்ணே. உங்களைத்தான் அப்படி நினைச்சிருக்கு."

அவர் திட்டியிருந்தால்கூட அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சில நாளில் தொண்டை தேறியது. அண்ணன் அறைக்கு வெளியே நின்றார். உள்ளே அது ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உலகத்தில் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த தொண்டை இனி இவருடையது ஒன்றுதான். சொன்னால் அது ஊமையாகிவிடும்.

பழக்கதோஷத்தில் வாய் திறந்துகொண்டது. துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, அது ஓயும்வரை அங்கேயே நின்றார்.