முகப்பூச்சு

பெண் பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியச் சடங்கில் அவளுக்கு மாலை போட்டுக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப்போகிறவர் தாய்மாமன். அந்தப் பெருமையில் கனகலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை சுசிலா ஜமைக்காக்காரர் மார்க்கஸைக் கட்டிய நாளிலிருந்து அவள் வீட்டு வாசலை மிதிக்காத மனுசன், மாமன் இல்லாமல் சடங்கு இல்லை என்றதும் கிங்ஸ்பரி மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். கனகலிங்கமும் நல்ல கறுப்புத்தான். அது மட்டும் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை.

வந்தவர் சும்மா இருந்தாரா? அலங்காரம் செய்ய வந்த பிரமிளாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ. தகப்பன்ர நிறம் அப்பிடியே கிடக்கு. சுருட்டைத் தலையையும் இழுத்து நேராக்குங்கோ. சனம் கதைக்கும்."

"ஓம், செய்யிறன்."

வேலை எப்படி என்று பார்க்க அவர் அறை வாசலுக்குப் போனபோது, சுசிலாவின் மகள் ஷெறோன் கண்ணாடி முன்னால் இருந்தாள். கழுத்து ஒரு நிறம். முகம் திருநீற்றை அப்பியதுபோல் இன்னொரு நிறம்.

"ஆர் இப்பிடிப் பூசச் சொன்னது?" என்று ஷெறோன் கேட்டாள்.

பிரமிளா வாசலில் நின்ற கனகலிங்கத்தைக் காட்டினாள். ஷெறோன் அவரை ஒருமுறை பார்த்தாள். எழுந்து முகம் கழுவப் போனாள். கனகலிங்கம் வெட்கத்தில் அங்கிருந்து நழுவப் பார்த்தார்.

திரும்பினால், அவிழப் பார்க்கும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி மார்க்கஸ் வருகிறார். "அண்ணை!" என்று தமிழில் அழைத்துவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். மாமா வருவார் என்று மகள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாளாம். வந்ததற்கு நன்றியாம். கனகலிங்கம் குனிந்து அவருடைய வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டார். முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு சாட்டு. பெட்டை எப்படியும் தகப்பனிடம் சொல்லிவிடுவாள், இந்த மனுசனின் சிரிப்பு இப்போதே நின்றுவிடும் என்று பயந்தார்.

ஷெறோன் வந்தாள். தன் முகத்தோடு, தன் சுருட்டைத் தலையில் மல்லிகையோடு வந்தாள். மார்க்கஸின் கண் கலங்கியது. கனகலிங்கம் மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார்.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு," என்றார் மெதுவாக.

"டாடிக்கு நான் சொல்லேல்லை, மாமா," என்றாள் அவள். "உங்களுக்கு எங்களைப் பிடிச்சிட்டுதெண்டு நம்பிக்கொண்டு நிக்கிறார். இண்டைக்கு மட்டும் நம்பட்டும்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். கனகலிங்கம் பிடித்துக்கொண்டார். படம் எடுப்பவர் நிமிரச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். கனகலிங்கத்தால் நிமிர முடியவில்லை.