நீலம் பூசிய கட்டைகள்

தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவில் பள்ளி வேலியை ஒட்டி மண்டிக்கிடந்த ஆஸ்திரேலிய வேலமரங்களை நான் ரம்பத்தால் அறுப்பேன். அறுத்த கையோடு, கூட வேலை செய்யும் ஃபுமேசா அக்கா, கட்டை மறுபடி துளிர்க்காமல் சாவதற்கு அதில் மருந்து பூசுவாள். பூசியது தெரிய வேண்டுமென்று மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். மேற்பார்வையாளர் நீலத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மதியம் ஒரே டப்பாவில் சோளமும் பீன்ஸும் தின்போம்.

ஆறு மாதத்தில் எல்லாக் கட்டையும் இடுப்புயரம் துளிர்த்துவிட்டது. என் அறுப்பு சரியில்லை என்று சொல்லி என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீ பூசினது வெறும் சாயத் தண்ணிதானே?"

"கத்தாதடி. மரமெல்லாம் செத்துட்டா நமக்கு ஏது வேலை? உனக்கும் சேத்துத்தான் செஞ்சேன்."

"அப்ப அங்க ஏன் வாயைத் தொறக்கல?"

அவள் வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டிருந்த வேலமரத்தையும் பள்ளி மரங்களை அறுத்த அதே மாதம் நான்தான் சும்மா அறுத்துக் கொடுத்திருந்தேன். அந்தக் கட்டையிலும் அவள்தான் நீலம் பூசினாள். திரும்பிப் பார்த்தேன். அதில் ஒரு துளிர்கூட இல்லை. வேரோடு பட்டுப்போயிருந்தது.