பி பாசிட்டிவ் வாரிசு

"எங்கப்பாவுக்கு ரத்தம் ஏத்தறதா வேணாமான்னு சீட்டுக் குலுக்கிப் பாத்தீங்களா?"

அர்ச்சுனன் போட்ட சத்தத்தில் தர்மபுரியின் அந்தத் தனியார் மருத்துவமனை வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் ஐஸ்வர்யா அசரவில்லை. "சீட்டு இல்லைங்க. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டரு குலுக்குனா மட்டும் சரியாப் போச்சா?"

கேள்வி நியாயமானதுதான். பதிலைத்தான் வராந்தாவில் நின்றபடி சொல்ல முடியாது.

அதியமான்கோட்டை கருப்பண்ணனுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துப் படுத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டரைக்கு இறங்கியிருந்தது. இந்த மாதிரி வயதானவர்களுக்குப் பத்துக்குக் கீழே வந்ததுமே ரத்தம் ஏற்றிவிடுவது நல்லதா, எட்டுக்குக் கீழே போகும்வரை பொறுப்பது நல்லதா? உலகத்து டாக்டர்கள் இதில் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். எது சரி என்று பார்க்கத்தான் ஐஸ்வர்யாவின் ஆராய்ச்சி. யார் எந்தக் கட்சி என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கருப்பண்ணனை அது 'பொறு' கட்சியில் போட்டிருந்தது.

ஆனால் அர்ச்சுனன் பொறுக்கிற ரகமில்லை. ஒரு டாடா ஏஸ் நிறைய ஆட்களை ஏற்றிவந்து, முதல் ஆளாகத் தானே ரத்த வங்கியில் படுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கையில் ஒட்டிய பஞ்சைக் கூட இன்னும் எடுக்கவில்லை. நாலு பேர் பார்க்க வேண்டாமா?

பார்க்கவேண்டிய ஆள் எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தான். தம்பி முருகேஷ். அவன் கையிலும் பஞ்சு.

அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருடம் ஆகிறது. பேசியே தீரவேண்டியிருந்தால், நடுவில் யாராவது வேண்டும். இன்று மாட்டியவள் நர்ஸ் சுமலதா.

"சிஸ்டர், அவருகிட்டச் சொல்லுங்க. டாக்டருகிட்ட முன்னாடியே பேசி, என் ரத்தம் ஏறக்கூடாதுன்னு தடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்."

"சிஸ்டர், அந்தப் பொடிப்பயகிட்டச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் செண்டர் வெச்சிருக்கறது அவன் மச்சான்தான்."

"ரெண்டு பேரும் எதிரெதிராதானங்க நிக்கறீங்க" என்றாள் சுமலதா. "நான் எதுக்கு ரிலே பண்ணணும்? எனக்கு ஆறு பேருக்கு ஊசி போடணும், வழிய விடுங்க."

ஐஸ்வர்யா நேராகக் கருப்பண்ணனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, ஆராய்ச்சியில சேர சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நீங்க. அதை உங்க பசங்ககிட்டச் சொல்லக் கூடாதா? என்னை அடிக்க வராங்க."

கருப்பண்ணன் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டன்னு நெனைக்கறீங்க? ஆராய்ச்சிக்காகவா?"

"பின்ன?"

"பைபாஸை ஒட்டி எனக்கு ஒண்ணரை ஏக்கரா கெடக்குதும்மா. நானே சம்பாதிச்சது. பெரியவனுக்கு அங்க கல்யாண மண்டபம் கட்டணும். சின்னவனுக்குப் பெட்ரோல் பங்க். எவனுக்கு எழுதறேன்னு சொல்லாமயே இத்தன வருசம் ஓட்டிட்டன். அதனாலதான் ரெண்டு வூட்டுலயும் எனக்குச் சுடுசோறு. எழுதிக் குடுத்த அன்னிக்கு அடுப்பு அணைஞ்சிரும்."

"அதுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"பெரியவன் ரத்தம் ஏறுச்சுன்னு வையுங்க. 'உன் ஒடம்புல ஓடறது என் ரத்தம், எழுது'ம்பான். சின்னவன் ரத்தம்னாலும் அதே கததான். ரெண்டையும் சேத்து ஏத்திட்டீங்கன்னா உள்ளயே வெட்டுக்குத்து நடக்கும். ரத்தமே வேணாங்கற கட்சி ஒண்ணு இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. சாமியா பாத்து அனுப்புனாப்பல இருந்துது."

ஐஸ்வர்யா சம்மதப் படிவத்தை ஐந்து பக்கத்துக்கு எளிய தமிழில் எழுதி, நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கியிருந்தாள். இப்படி ஒரு காரணத்துக்காக ஒருவர் சேர்வார் என்று குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் விளையாட்டு முடிந்தது.

கருப்பண்ணனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென அடித்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. ரிசல்ட் வந்தது. ஏழுக்குப் பக்கம். இனி எந்தக் கட்சியிலும் பொறுக்கச் சொல்ல ஆளில்லை.

"ஐயா, ரத்தம் ஏத்தியாகணும். இப்பவே."

"வேணாம்."

"இதயம் தாங்காதுங்க. உயிருக்கு ஆபத்து."

"உசுரு போனா ஒரே நாளுல போயிரும்மா. நெலம் போனா தெனந்தெனம் போவணும்." திக்கித் திக்கித்தான் சொன்னார். ஆனால் வார்த்தையில் நடுக்கமில்லை.

சுமலதா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பசங்க ரத்தத்தை உங்களுக்கு ஏத்தறதா யார் சொன்னா?"

கருப்பண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அவங்க குடுத்தது பொது இருப்புக்குப் போயிரும். வேற யாருக்காவது ஏறும். பெத்த பிள்ளை ரத்தத்தை அப்படியே ஏத்தறது நல்லதில்லைங்க."

"எம் புள்ள ரத்தம் எனக்கே ஆவாதா?"

"அந்நிய ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்களை உடம்பு வேத்தாளுன்னு அடையாளம் கண்டு ஒழிச்சிரும். நெருங்கின சொந்தம்னா சில சமயம் அடையாளம் தெரியாது. நம்மாளுதானன்னு உள்ள விட்டுரும். அது உள்ள உக்காந்து பெருகி, கடைசியில வீட்டுக்காரரையே அடிக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா பொழைக்கறது கஷ்டம்."

கருப்பண்ணன் இரண்டு கண்ணையும் அகலத் திறந்தார்.

"இது எங்க வூட்டுக் கதையாட்டமில்ல இருக்குது!"

"பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"அப்ப ஏறப்போறது யாரோ வேத்தாளு ரத்தமா?"

"ஆமா. யாருன்னு எனக்கே தெரியாது. பையில வெறும் நம்பர்தான் இருக்கும்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? ஏத்துங்க. சீக்கிரம் ஏத்துங்க!"

மதியத்துக்குள் முகத்தில் களை வந்துவிட்டது. மகன்கள் உள்ளே வந்தபோது கம்பியில் காலிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் அதைப் பார்த்துக் கும்பிடாத குறை.

"சிஸ்டர், அவன்கிட்டச் சொல்லுங்க. மொதல்ல குடுத்தது நானு. மொதல்ல ஏறுனதும் என்னுதுதான்."

"அவரு வயசுக்கு அவரு ரத்தத்துல சக்கரைதான் இருக்கும் சிஸ்டர். ஏறுனது என்னுது. அப்பா மொகத்தைப் பாருங்க, எளசா இல்ல?"

"ரெண்டு பேருதும் இல்லடா" என்றார் கருப்பண்ணன் கட்டிலிலிருந்து. "யாரோ ஒரு புண்ணியவான்."

இருவரும் காலிப் பையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு?" என்றான் அர்ச்சுனன்.

"எந்த ஊரு?" என்றான் முருகேஷ்.

"என்ன ஆளுங்க?" இது இருவரும் சேர்ந்து.

"தெரியாது. பி பாசிட்டிவு. அது போதாதா?" கருப்பண்ணன் தலையணையில் சாய்ந்துகொண்டார். அந்த நிமிடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே மயக்கம் வந்துவிட்டது. "பெத்ததுங்க செய்யாததை அவன் செஞ்சான். அவனுக்கும் ஏதாச்சும் செய்யணும்ல?"

அர்ச்சுனன் மெதுவாகத் திரும்பினான். நாலு வருடத்தில் முதல் தடவையாக நேராகத் தம்பி முகத்தைப் பார்த்தான்.

"டேய், வண்டிய எடுடா."

"வாண்ணா."

இருவரும் ஒரே பைக்கில் ரத்த வங்கிக்குப் பறந்தார்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்ல விதியில்லை என்றார் அங்கிருந்த அதிகாரி. முருகேஷ் கெஞ்சினான். அர்ச்சுனன் மிரட்டினான். "நன்றி சொல்லத்தானுங்க" என்று இருவரும் சேர்ந்து கும்பிட்டார்கள். நன்றி சொல்ல வந்தவர்களின் கண் அப்படி இருக்காது என்பது அதிகாரிக்குத் தெரிந்தது. செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளன்று, கருப்பண்ணன் வாழ்நாள் முழுக்கப் பயந்த காட்சி கட்டிலெதிரே வந்து நின்றது. அண்ணன், தம்பி, நடுவில் பத்திரம் எழுதுகிற மாதேஷ்.

"நாங்க ராசியாயிட்டோம்ப்பா" என்றான் அர்ச்சுனன். "சரிபாதியா எழுதிருங்க. மண்டபமும் வேணாம், பங்கும் வேணாம். சேந்து லாரி பார்க்கிங் போடறோம்."

"வெளியாளு எவனும் உள்ள வந்துரக் கூடாதுல்ல" என்றான் முருகேஷ்.

கருப்பண்ணனுக்கு வியர்த்தது. இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றியது அந்த இருவரின் சண்டைதான். அதை வெறும் வாயால் அவரே சமாதானம் செய்து வைத்திருந்தார். அறை வாசலில் டாக்டர் நின்றிருந்தாள். அவளிடம் இதற்கு மருந்தில்லை.

பெரியவர் நிதானமாக இருமினார்.

"எழுதிக்க மாதேஷு. மூணு பங்கு."

"மூணா?"

"பெரியவன் ஒண்ணு. சின்னவன் ஒண்ணு. உசுரு குடுத்தவன் ஒண்ணு. மூணும் ஒரே பத்திரத்துல. ஒருத்தன் பேரு இல்லாட்டியும் எவனுக்கும் கையெழுத்து கெடையாது."

மாதேஷ் பேனாவை மூடினார். "பேரு, தகப்பன் பேரு, விலாசம், ஆதார் இல்லாம ரிஜிஸ்டர்ல எடுக்க மாட்டாங்களே."

"அப்ப கண்டுபுடிச்சுக் கூட்டியாரட்டும். நான் எங்க போயிடப் போறன்? இடுப்புல கம்பியோட கெடக்கறன்."

இரண்டு மாதம் கழித்து, ஆராய்ச்சி விதிப்படி ஐஸ்வர்யா போன் செய்தாள். நடக்கிறாரா, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குதா என்று வரிசையாகக் கேட்டாள். நடக்கிறார். காய்ச்சல் இல்லை. மூச்சு நன்றாக இருக்கிறது.

"ரத்தம் ஏத்தினதுக்கு அப்புறம் வேற ஏதாவது மாற்றம்?"

"இருக்குதும்மா. ரெண்டு பயலுவளும் தெனம் ஒண்ணா உக்காந்து என் வூட்டுலதான் சாப்புடறானுங்க. வாரத்துல ரெண்டு நாளு சேந்தே ரத்த வங்கி வாசல்ல போய் நிக்கறானுங்க. மிச்ச நாளு சேந்து என்னை வையறானுங்க. எனக்குச் சுடுசோறு மட்டும் நிக்கல. அதை உங்க பாரத்துல எங்க எழுதுவீங்க?"

ஐஸ்வர்யா படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். 'பக்க விளைவுகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.