வலிப்புக்காகக் காத்திருந்தவர்கள்

தலை முழுக்க ஒயர் ஒட்டியபடி, டேகு நகரத்து மருத்துவமனையில் கீ-யோங் படுத்திருந்தார். மூக்குக்கண்ணாடி பிரேம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். பதினெட்டு வயதில் பிடித்த வலிப்பு ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. எந்த மாத்திரைக்கும் அது முழுதாக அடங்கியதில்லை. பக்கத்தில், துணைக்கு இருப்பவர்களுக்குப் போடும் தாழ்ந்த கட்டிலில் அவர் மனைவி ஓக்-ரிம். சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை வைத்திருப்பவள். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

போன மாதம், கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி அவர் மூளையைப் படம் எடுத்திருந்தார்கள். வலிப்பு கிளம்புகிற இடம் சும்மா இருக்கும்போது சர்க்கரையைச் சரியாக எடுத்துக்கொள்ளாது, படத்தில் மங்கலாகத் தெரியும் என்றார் டாக்டர் மொக். தெரியத்தான் செய்தது. ஆனால் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளேயும் மங்கல், இடது பக்கமும் கொஞ்சம் மங்கல்.

"ரெண்டு பக்கமும் காட்டினா நான் எதுல கை வைக்கிறது? வலிப்பு வர்ற நேரத்துல எந்த இடம் ரத்தத்தை இழுக்குதுன்னு பாத்துரணும்" என்றார் டாக்டர்.

"பாக்கறதுக்குச் சம்மதம். மண்டையைத் திறக்கறதுக்கு இல்ல" என்றார் கீ-யோங்.

வலிப்பு வரட்டும் என்று மாத்திரைகளை நிறுத்தினார்கள். காலையில் கதிர்மருந்து வரும். வலிப்பு தொடங்கிய உடனே அதை ஏற்ற வேண்டும். மூளையில் எந்த இடம் அப்போது கொதிக்கிறதோ அங்கே போய்த் தங்கும். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டா-ஹே என்ற நர்ஸ் ஊசியோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பிற்பகலில் மருந்தின் வீரியம் போய்விடும். எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் திரும்ப வருவாள்.

வலிப்பு வரவில்லை.

"கூப்பிடாமலே வந்துட்டிருந்துச்சு. பஸ்ல வந்துச்சு, என் கல்யாணத்துல வந்துச்சு. இப்ப ஒரு பொண்ணு ஊசியைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கு, வரமாட்டேங்குது" என்றார் கீ-யோங்.

"என்னைப் பாத்து வெக்கப்படுதோ என்னவோ ஐயா" என்று டா-ஹே கொட்டாவியை அடக்கினாள்.

தூக்கம் கெட்டால் வரும் என்று, இரவு முழுக்க அவரைத் தூங்கவிடாமல் வைக்கச் சொன்னார்கள். அவரைத் தூங்கவிடாமல் வைக்க ஓக்-ரிம் விழித்திருக்க வேண்டும். வரக்கூடாது என்றே வாழ்நாளெல்லாம் வேண்டிக்கொண்டவள், இப்போது வந்து தொலை என்று நினைத்தாள். நினைத்ததற்காக அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

மூன்றாம் நாள், டா-ஹே மருந்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் வந்தது. டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அடடா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் இன்னொன்று வந்தது. கீ-யோங் உதட்டால் சப்புக் கொட்டத் தொடங்கினார். டா-ஹே அந்த நொடியே ஊசியை ஏற்றிவிட்டாள். மதியம் படம் எடுத்தார்கள். வலது பொட்டுக்குள் ஒரே இடம், அடுப்புத் தணல்போலச் சிவந்திருந்தது. இடது பக்கம் அமைதியாக இருந்தது.

அடுத்த நாள் டாக்டர் கணவன் மனைவி இருவரையும் தன் அறையில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். பிறகு கேமராவில் பதிவானதையும் போட்டார். "இது முந்தாநேத்து சாயங்காலம் வந்தது. உங்க இடது கை முறுக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. இடது கையை நடத்தறது வலப்பக்க மூளை. அதனால அதுவும் வலப்பக்கந்தான்னு சொல்லுது."

கீ-யோங் தன் வலிப்பை அதுவரை பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்க்கவில்லை.

திரையில் ஓக்-ரிம் கட்டிலில் ஏறி முட்டிபோட்டு, அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருந்தாள். அவர் காதோரம் குனிந்து, "ஆச்சு, ஆச்சு, இதோ போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடங்கியதும் வாயைத் துடைத்தாள். நனைந்த துணியை மாற்றினாள். பிறகு கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரையில் அவர் கண்விழித்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டதும், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சிரித்தாள். "ஒண்ணுமில்லைங்க. சித்த கண் அசந்துட்டீங்க."

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார் கீ-யோங்.

"என்னது?"

"கண் அசந்துட்டேன்னு சொல்லுவியே."

"வேற என்ன சொல்றது?" என்றாள் ஓக்-ரிம். அவள் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

அவர் டாக்டரைப் பார்த்தார். "திறந்துருங்க. எப்பன்னு சொல்லுங்க, வர்றேன்." திரும்பி, "தே-ஊ அம்மா, கேட்டியா?" என்றார். மகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்.

அவள் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று அவர் டாக்டருக்குக் கையால் காட்டினார்.

வசந்தத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஒரே ஒரு முறை, அதுவும் லேசாக வந்து போனது. மாத்திரை இன்னும் உண்டு. சிலருடைய பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. பட்டறைக்குப் போகிறார், வருகிறார்.

ஓக்-ரிம்தான் இன்னும் மாறவில்லை. சாப்பிடும்போது அவர் கையிலிருந்து கரண்டி விழுந்தால், அது தரையில் ஓய்வதற்குள் அவள் எழுந்து நிற்கிறாள்.

"கை வழுக்கிருச்சு. உக்காரு" என்கிறார் கீ-யோங்.

அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.