இரண்டு மாலையும் ஒரு பிரதமரும்

அரசரை எதிர்த்துக் கட்சி சண்டை போட்ட நாட்களில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் காய்ச்சலோடு ஒளிந்து கிடந்த தோழர் ஜ்வாலா இன்று நாட்டுக்குப் பிரதமர். அவர் எப்படி இவ்வளவு உயரத்துக்கு வந்தார் என்று கேட்டால் காட்மாண்டுக்காரர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள்: அரசரின் கொடுமை, நிலமில்லாதவர்களின் கோபம், கட்சியின் கட்டுப்பாடு, தலைவரின் தொலைநோக்கு. எல்லாம் சரிதான். நிலமில்லாத கோபம் எனக்கே இருந்தது. ஆனால் அவரைத் தேடிப் போலீஸ் வாசலுக்கு வந்தபோது அந்தக் கோபம் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவழைக்கவில்லை. காரியத்தைச் சாதித்தவள் என் பெண்டாட்டி நந்தகலி. அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. அதில் எனக்கு எரிச்சல்தான்.

அன்று திகார் பண்டிகையின் கடைசி நாள். உடன்பிறந்தவனை எண்ணெய் வட்டத்துக்குள் உட்காரவைத்து, வாடாமல்லி மாலை போட்டு, நெற்றியில் ஏழு நிறத் திலகம் இடும் நாள். எண்ணெய் காயும்வரை, மாலை வாடும்வரை எமன்கூட அவனைத் தொடக்கூடாது. வாடாமல்லி எப்போது வாடுவது? எங்கள் ஊர்த் தங்கச்சிகள் எமனையே அப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்.

போலீஸ் மேட்டில் ஏறுவது தெரிந்ததும் நந்தகலி ஜ்வாலாவின் முகத்தைக் கழுவிப் பாயில் உட்காரவைத்தாள்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை. கட்சியே தடை பண்ணியிருக்கு" என்றார் அவர்.

"அப்ப கட்சியக் கூப்பிடு, வந்து காப்பாத்தட்டும். இப்ப நெத்தியக் காட்டுண்ணே."

ஹவில்தார் லோகராஜ் துப்பாக்கியோடு உள்ளே வந்தார். கையில் படம். படத்தைப் பார்த்தார், பாயில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, பண்டிகைக்குக்கூட லீவு தரலையா? துப்பாக்கிய வெளிய வச்சிட்டு உக்காருங்க, எண்ணெய் நெறைய இருக்கு" என்றாள் நந்தகலி.

அவருடைய தங்கச்சி சமவெளியில் எங்கோ இருந்தாள் போலும். துப்பாக்கியை வெளியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். இருவரையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டு, மாலையும் திலகமும் இட்டாள். அண்ணன்மாரின் எதிரி தலை நொறுங்கட்டும் என்று வாசற்படியில் அக்ரூட் கொட்டையை வைத்துக் கல்லால் உடைத்தாள். எதிரிகள் இருவரும் ஒரே பாயில் வளைய ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். புறப்படும்போது இருவருமே மாலையைக் கழற்றிவைத்தார்கள். ஒருவர் முகாமுக்குப் போகவேண்டும், ஒருவர் காட்டுக்கு.

"புது ஆளு யாரும் இங்க இல்லல்ல மச்சான்?" என்று லோகராஜ் என்னைக் கேட்டார்.

"இருக்கறது என் மச்சான்மாருதான்" என்றேன். படத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சண்டை ஓய்ந்தது. இந்தத் திகாருக்கு, அதே திலக நாளில், தான் ஒளிந்திருந்ததன் நினைவாக எங்கள் வீட்டு முன்னால் வைத்த கல்வெட்டைத் திறக்கப் பிரதமர் ஹெலிகாப்டரில் வந்தார். கல்லில் அந்த நாலு காரணங்களும் பொன்னெழுத்தில் இருந்தன. அதற்கு முந்தின நாள்தான், ஓய்வு பெற்றுக் கீழூரில் இருந்த லோகராஜைக் கட்சிப் பையன்கள் இழுத்துவந்து கோடவுனில் பூட்டியிருந்தார்கள். தலைவரைப் பிடிக்க வந்தவன் என்று குற்றச்சாட்டு. பிரதமர் வந்துபோன மறுநாள் கட்சியின் மக்கள் நீதிமன்றம். அங்கே போனவர்கள் நடந்து திரும்பியதில்லை. நந்தகலி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அந்த ஆளப் பத்தி தலைவர்கிட்ட வாயத் தொறக்காதீங்கக்கா. போலீஸ்காரன் தயவுல பொழச்சாருன்னு தெரிஞ்சா கட்சிக்கு அசிங்கம்" என்றார் உள்ளூர்ச் செயலாளர்.

"நான் ஏன் தொறக்கறேன்" என்றாள்.

பேச்சு முடிந்ததும் முற்றத்தில் பாயை விரித்தாள். "உக்காருண்ணே."

பிரதமர் கேமராக்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தேர்தல் வரப்போகிறது, உட்கார்ந்தார். அவள் இரண்டு பேருக்கான வட்டம் போட்டுவிட்டுத் திலகம் இடாமல் சும்மா நின்றாள்.

"ஏன் தங்கச்சி நிக்கிற?"

வீட்டுக்குள் போய் ஆணியில் தொங்கிய இரண்டு மாலைகளை எடுத்துவந்தாள். தூசி படிந்திருந்தது. ஊதி விட்டதும் ஊதா நிறம் தெரிந்தது.

"ரெண்டும் இன்னும் வாடலண்ணே. ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணுக்கு உரியவரக் கோடவுன்ல பூட்டி வச்சிருக்காங்க. எமனுக்கே இல்லாத உரிமை இவங்களுக்கு யாரு குடுத்தா?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார். பிரதமர் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் மாலையை வாங்கி மடியில் வைத்து ஒரு பூவைத் தடவிப் பார்த்தார்.

"எண்ணெய் காயறதுக்குள்ள அவரக் கூட்டிட்டு வாங்க."

லோகராஜ் நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. பிரதமர் நகர்ந்து இடம் கொடுத்தார். இருவர் நெற்றியிலும் ஏழு நிறம் ஏறியது.

"அக்ரூட்ட மெதுவா உடை தங்கச்சி. இந்தத் தடவ யாரு தலைன்னு தெரியல" என்றார் லோகராஜ்.

நந்தகலி அக்ரூட்டும் கல்லுமாக வாசற்படிக்குப் போனாள். அங்கே செயலாளர் நின்றிருந்தார்.

"கால கொஞ்சம் நகத்து தம்பி" என்றாள்.

அவர் நகர்ந்ததும், அவர் கால் இருந்த இடத்திலேயே அக்ரூட்டை வைத்து உடைத்தாள்.