சவுண்டல் கொல்லை

ஆட்டுக்குட்டி வாங்கினால்கூட நாலு பேரிடம் விலை கேட்டுவிட்டு வருகிற மாதன், கம்பெனிக்காரன் நீட்டிய காகிதத்தில் மட்டும் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான். வெள்ளிமலைக்கு மேலே அவனுக்கு இருந்தது இரண்டரை ஏக்கர் சரிவு, சாமை விளையும் கொல்லை. அதில் சவுண்டல் மரம் நட்டால் நாலாம் வருஷம் வந்து வெட்டிக்கொள்வோம், அதை எரித்துக் கரண்டு எடுப்போம், நிலக்கரிப் புகையிலிருந்து உலகம் தப்பிக்கும் என்றார்கள். உலகத்தைக் காப்பாற்ற நம்ம கொல்லைதான் கிடைத்ததா என்று அவன் பெண்டாட்டி சாலம்மாள் அன்றைக்கே கேட்டாள். பெண்டாட்டி சொல்லைக் கேட்டால் மரியாதை என்னாவது? அவன் கேட்கவில்லை.

சவுண்டல் சும்மா சொல்லக்கூடாது, மளமளவென்று வளர்ந்தது. விதை வெடித்துப் பக்கத்துச் சடையன் கொல்லையிலும் முளைத்தது. சடையன் பேச்சை நிறுத்திக்கொண்டான். நாலு வருஷமும் வீட்டில் ரேஷன் அரிசிதான். இந்த ஆடி மழைக்குச் சாமை விதைத்தே தீருவது என்று சாலம்மாள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் மரம் வெட்ட ஒருத்தனும் வரவில்லை.

மாதன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சியில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனான். அங்கே வேலை பார்த்த பிரவீன்குமார் எழுந்து நின்று நாற்காலியெல்லாம் போட்டான். அந்த மரியாதையைப் பார்த்ததும் மாதனுக்குப் பயம் வந்துவிட்டது.

"கரண்டு பிளான்ட்ட மூடிட்டாங்கண்ணா. பச்சை மரத்த எரிச்சா இனிமே சலுகை கெடையாதுன்னு ரூல மாத்திட்டாங்க. பேங்க்காரனும் கைய விரிச்சிட்டான்."

"அப்ப நானே வெட்டிக்கிறேங்க. வெதைக்கணும்."

"வெட்டக் கூடாதுண்ணா. இப்ப ஸ்கீம் வேற. மரம் நின்னுக்கினு இருந்தா காத்துல இருக்கற கரிய இழுத்து வெச்சிக்கும், அதுக்கு வெளிநாட்டுக்காரன் காசு குடுக்கறான். நீங்க போட்ட கையெழுத்து முப்பது வருஷத்துக்கு. ஒரு மரம் சாஞ்சாலும் கேஸ் உங்க மேலதான் வரும்."

மாதனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. முப்பதைக் கூட்டிப் பார்த்தான். பிரவீன்குமாரே பாவம் பார்த்து ஒரு வழி சொன்னான். காவலுக்கு ஆள் வேண்டும், மாசச் சம்பளம், தீப்பிடிக்காமல், யாரும் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேறு என்ன செய்வான்? மறுபடியும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மலை ஏறினான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாலம்மாள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மூன்றாம் நாள் நல்ல மழை. விடிந்ததும் கொல்லைப் பக்கம் வெட்டுகிற சத்தம் கேட்டது. மாதன் ஓடிப் போய்ப் பார்த்தால், சாலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு மரத்தைச் சாய்த்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவன் பார்த்ததில்லை.

"வா, நீயும் ஒரு கை புடி. ஓரமா கொஞ்சமாச்சும் வெதைச்சிடலாம்."

"வெட்டாத, சாலம்மா."

அவள் நிமிர்ந்தாள். "இத யாரு சொல்றது? கொல்லக்காரனா, கம்பெனி ஆளா?"

கொல்லைக்காரன் என்று சொல்லத்தான் அவனுக்கு நாக்குத் துடித்தது. சொன்னால், அவளோடு சேர்ந்து நின்று வெட்ட வேண்டும்.

"கம்பெனி ஆளுதான்," என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த கொடுவாளைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவனாலும் விட முடியவில்லை.