காரணம்: சொந்த விருப்பம்

ரப்பர் சீல் கடைக்காரன் தலை நிமிர்ந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன் அவனிடமிருந்து விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் மாட்டு டாக்டர். ஆபீஸ் சீல் செய்ய அவளுடைய துறை அங்கீகரித்த கடை அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். வராமல் இருக்க வழியில்லாமல் வந்திருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“அடடே, டாக்டரம்மா! மாடெல்லாம் சௌக்கியமா?” என்றாள் ஆர்டர் நோட்டை எழுதிக்கொண்டிருந்த அவனுடைய அக்கா.

“மாடு சௌக்கியம்தான் அண்ணி. கூட வர்ற மனுசங்கதான் கடிக்கிறாங்க.”

“எங்க வீட்டுல இருந்தப்பவே இவனுக்கும் ஒரு ஊசி போட்டிருக்கலாம். விட்டுட்டியே!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் மேஜையைத் துடைத்தான்.

“பேர் மாத்தியாச்சு. புது சீல் வேணும். நாளைக்குக் காலையில சர்டிபிகேட் போடணும்” என்று அவள் ஃபைலை நீட்டினாள். ‘நீங்க’ என்றும் சொல்லவில்லை, ‘நீ’ என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அவன் பெயர் போய், அவளுடைய அப்பா பெயர் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். இருந்தும் அவன் அதை இரண்டாம் தடவையும் படித்தான்.

பழைய ஆபீஸ் சீலை உரியவர் கண் முன்னாலேயே வெட்டிப் போட வேண்டும் என்பது விதி. பிளேடை எடுத்து ரப்பரை நாலாக நறுக்கினான். அவள் யாரோ கத்தரிக்காய் நறுக்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் புதுப் பெயரை அடித்து, ரப்பரை மெஷினுக்குள் வைத்து மூடினான்.

“அரை மணி நேரம் ஆகும்.”

அக்கா சட்டென்று எழுந்தாள். “டீ வாங்கிட்டு வரேன்” என்றவள், அவனைத் தாண்டும்போது, “வாயைத் திறந்து சொல்லித் தொலைடா” என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதை மூன்று கடிதங்களில் எழுதியும் இருக்கிறான், மூன்றையும் கிழித்தும் இருக்கிறான். ஒன்பது வருடத்துக்கு முன், கல்யாணமான புதிதில், அவளுக்குத் தன் கையால் ஒரு சீல் செய்து கொடுத்தான், தன் பெயரையும் சேர்த்து. “படிச்ச சர்டிபிகேட்டுல எல்லாம் எங்கப்பா பேர்தானே இருக்கு? இது செல்லாதே” என்று அவள் சிரித்தாள். அவன் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை, பேசினால் ‘ம்’. நாலாம் நாள் அவள் நோட்டரியிடம் போனாள். அப்புறம் ஆறு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பெயரை மாற்றினாள். அதற்குள் ஒரு பதவி உயர்வு கை நழுவிப் போனது. அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கினால் காரியம் நடக்கும் என்று அவன் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஏழு வருடமும் அந்த ஒரே வித்தையை வைத்துத்தான் குடித்தனம் நடத்தினான்.

விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ள ஃபைலைப் பிரித்தான். மேலே புது விண்ணப்பம், அடியில் ஒன்பது வருடத்துக்கு முந்தையது. புதியதில் ‘காரணம்’ என்ற இடத்தில் தன் குற்றங்களெல்லாம் வரிசையாக இருக்கும் என்று நினைத்திருந்தான். ‘சொந்த விருப்பம்’ என்று மட்டும் இருந்தது. பழையதைத் திருப்பினான். அங்கேயும் அதே இரண்டு வார்த்தை, அதே குண்டுக் கையெழுத்து.

“இது...” என்று பழைய தாளில் விரலை வைத்தான். “அப்போ எழுதினது பொய்தானே? நான் மூஞ்சியைத் தூக்கினதுக்காகத்தானே செஞ்ச? தப்பு என்னுதுதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடு.”

அவள் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“பொய்யெல்லாம் இல்ல. நிஜமாவே ஆசைப்பட்டுத்தான் செஞ்சேன். வாசல்ல என் பேரோட உங்க பேரையும் சேர்த்துப் போட்ட போர்டைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமா இருக்கும். சர்டிபிகேட் சிக்கலாகுமேன்னுதான் அன்னைக்குச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்காம ரெண்டு நாள் பொறுத்திருந்தா நானே வந்து, மாத்திக்கிறேன்னு சொல்லியிருப்பேன்.” ஃபைலை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நீங்க கேட்டே இருக்க வேண்டாம்.”

மெஷின் நின்றது. அவன் ரப்பரைக் கழுவினான், துடைத்தான், கைப்பிடியில் ஒட்டினான். ஒட்டும்போது கோணிவிட, பிய்த்து மறுபடி ஒட்டினான். இருபது வருடத் தொழிலில் அவனுக்கு அப்படி ஆனதில்லை. அவள் வெள்ளைத் தாளில் ஒரு தடவை குத்திப் பார்த்தாள்.

“தெளிவா இருக்கு” என்றாள். “வரேன். அண்ணிகிட்டச் சொல்லிடுங்க.”

மூன்று டீயோடு வந்த அக்கா காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“அவளே ஆசைப்பட்டுத்தான் என் பேரை வெச்சுக்கிட்டாளாம்க்கா.”

“அது ஊருக்கே தெரியுமேடா” என்று சொல்ல வாயெடுத்த அக்கா, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒரு டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் அவள் குத்திப் பார்த்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை முதலிலிருந்து மெல்ல வாசித்தான்.